கவுண்ட் இறங்கிய பின் வரும் காய்ச்சல்

ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது டோட்டல் கவுண்ட்டைத்தான், அதாவது மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை. லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கும்போது அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. பல லேப் அறிக்கைகளில் அது தனியாக அச்சாகியிருக்காது. நாமே கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபிலின் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் அது கிடைக்கும். முழுதாக முதிராத நியூட்ரோஃபில்களான பேண்ட் செல்களைத் தனியாகக் கொடுத்திருந்தால் அந்தச் சதவீதத்தையும் நியூட்ரோஃபிலோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மொத்தம் 1,200, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் விடை 240. வார்டில் இதற்குப் பெயர் ஏ.என்.சி., அதாவது நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை.

இது 500க்குக் கீழே போனால் ஆபத்து, 100க்குக் கீழே போனால் பேராபத்து. மொத்த எண்ணிக்கையை நம்பினால் ஏமாந்துபோவோம். நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் ஒருவருக்கு 60,000 வெள்ளையணு இருக்கலாம். அதில் பெரும்பகுதி முதிராத பிளாஸ்ட் செல்களாகவும், நியூட்ரோஃபில் வெறும் அரை சதவீதமாகவும் இருந்தால், கிருமியை எதிர்க்க அவரிடம் உள்ளவை 300தான். கீமோவின் முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பே அவர் அந்த எல்லைக்குள் வந்துவிட்டார்.

இந்த எல்லைகளுக்கு அடிப்படை 1966இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜெரால்ட் போடியும் சகாக்களும் அக்யூட் லுகேமியா நோயாளிகள் 52 பேரின் அணு எண்ணிக்கையையும் தொற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு தொற்று. அது எத்தனை நாள் கீழேயே கிடக்கிறதோ அதற்கேற்ப இன்னும் கூடுதல் தொற்று. இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான கீமோவிலும் கவுண்ட் இறங்கும், ஆனால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மேலே வந்துவிடும். லுகேமியாவில் மஜ்ஜையே நோயின் இருப்பிடம். அதைத் துடைத்தெடுத்த பிறகுதான் புதிய செல்கள் முளைக்க முடியும்.

அக்யூட் மைலாய்டு லுகேமியாவின் முதல் சுற்றை '7+3' என்பார்கள். ஏழு நாள் தொடர்ச்சியாக சைட்டராபின், முதல் மூன்று நாள் டானோரூபிசின். அதன் பிறகு ஏ.என்.சி. 500ஐத் தாண்ட மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். இந்த வாரங்களில் காய்ச்சலே வராமல் தப்பிப்பவர்கள் மிகக் குறைவு. அடுத்தடுத்த சுற்றுகளில் சைட்டராபினை அதிக அளவில் கொடுத்து முடித்து, பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கவுண்ட் தரைதட்டுவது அதற்கு அடுத்த வாரம், வீட்டில் இருக்கும்போது. அங்கே தெர்மாமீட்டர் பிடிப்பவர் மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை. இந்தக் கட்டுரையில் பாதி அவருக்காக.

கிருமி எங்கிருந்து வருகிறது

பார்க்க வருபவர்களால்தான் தொற்று வருகிறது என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. சளி, ஃப்ளூ போன்ற வைரஸ்களுக்கு அது சரி. ஆளைச் சில மணி நேரத்தில் சாய்க்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நோயாளியின் குடலிலும் வாயிலும் தோலிலும் ஏற்கெனவே வசிப்பவை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. குடலின் உள்சவ்வு சில நாளுக்கொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம் என்பதால் அதுவும் அடிபடுகிறது. வாயில் புண்ணாகத் தெரிவது உள்ளே பல அடி நீளத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கிழிசல்கள் வழியாக ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகள் ரத்தத்துக்குள் இறங்குகின்றன. தடுக்க நியூட்ரோஃபில் இல்லை.

எந்த மருந்து எந்த வாசலைத் திறக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அதிக அளவு சைட்டராபினுக்குப் பிறகு வாய்ப்புண் கடுமையாக இருந்தால், வாயில் சாதாரணமாக வாழும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்தில் ஏறி ரத்த அழுத்தத்தைச் சரிக்கும், நுரையீரலையும் கெடுக்கும். லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் கொடுக்கும் வின்கிரிஸ்டின் குடலின் அசைவைக் குறைப்பதால் மலச்சிக்கல் வரும். இறுகிய மலம் ஆசனவாயில் உண்டாக்கும் சிறு வெடிப்பு போதும், அங்கிருந்து சீழே இல்லாத ஒரு தொற்று இடுப்பு வரை பரவ. அதனால்தான் வின்கிரிஸ்டின் தொடங்கும் நாளிலேயே லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியையும் எழுதுகிறார்கள். 'வயிறு சரியாகத்தானே இருக்கிறது' என்று அதை நிறுத்துபவர்கள் நான்காம் நாள் அவதிப்படுவார்கள். எனிமா, ஆசனவாய் வழி வைக்கும் மாத்திரை, அங்கே தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது மூன்றும் இந்த நாட்களில் கூடாது.

மூன்றாவது வாசல் நாம் வைத்தது: மருந்து ஏற்றப் பெரிய நரம்பில் பொருத்தும் லைன் என்ற குழாய்கள், அதாவது பிக் லைன், ஹிக்மன், கீமோபோர்ட். தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ்கள் இதன் வழியே உள்ளே போகின்றன. ஊசி செருகும் முனையை ஆல்கஹால் துணியால் 15 வினாடி அழுத்தித் தேய்த்துக் காயவிட வேண்டும். ஒரு தடவு தடவிவிட்டு ஈரத்தோடு மருந்தை ஏற்றினால் தேய்த்ததில் பலனில்லை. கண்ணாடி போன்ற ஒட்டுப்பட்டையை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். காஸ் துணி என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. ஓரம் பிரிந்தாலோ நனைந்தாலோ உடனே. லைனில் சலைன் தள்ளிய சில நிமிடங்களில் உடம்பு தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வந்தால் சந்தேகம் முதலில் லைன் மீதுதான். அதன் வழியே மேற்கொண்டு எதையும் ஏற்றாமல் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

சீழ் இல்லை, அடையாளமும் இல்லை

சிவப்பு, வீக்கம், சீழ், சளி, எக்ஸ்-ரேயில் வெள்ளைத் திட்டு. தொற்றைக் காட்டும் இந்த அடையாளங்களில் பெரும்பாலானவற்றை உண்டாக்குபவை நியூட்ரோஃபில்கள்தாம். அவை இல்லாதபோது நிமோனியா இருந்தும் எக்ஸ்-ரே சுத்தமாக இருக்கும். சிறுநீர்த் தொற்று இருந்தும் சிறுநீரில் சீழ் செல் இருக்காது. ஆசனவாய்ப் பக்கம் தொட்டால் உயிர் போகும் வலி இருக்கும், பார்த்தால் லேசான சிவப்புகூட இருக்காது. ஆகவே, வலி என்று நோயாளி சொல்லும் இடத்தில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக அதை ஒதுக்கக்கூடாது. எக்ஸ்-ரே சுத்தமாக இருந்தும் மூச்சு வாங்கினால் சி.டி. எடுக்க வேண்டும்.

தினமும் பார்க்க வேண்டிய இடங்கள்: வாய் முழுக்க, ஈறும் நாக்கின் அடியும் சேர்த்து, லைன் நுழையும் இடம், அக்குள், தொடை இடுக்கு, ஆசனவாயைச் சுற்றி (கண்ணால் மட்டும், விரல் நுழைக்காமல்), மஜ்ஜைப் பரிசோதனை செய்த இடுப்பெலும்புத் துளை. தோலில் சிறு சிவப்புப் புள்ளியாகத் தொடங்கி ஒரு நாளுக்குள் நடுவில் கறுத்துப் புண்ணானால் அது சூடோமோனாஸின் கைவரிசையாக இருக்கலாம். எத்திமா கேங்கிரினோசம் என்று பெயர். எறும்புக் கடி என்று மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாதது இது.

வலப்பக்க அடிவயிற்று வலியும் காய்ச்சலும் பேதியும் சேர்ந்து வந்தால் டிஃப்லைட்டிஸ் என்ற பெருங்குடல் தொடக்கத்தின் அழற்சியை நினைக்க வேண்டும். ஸ்கேனில் குடல் சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து அறுவை மேசைக்குக் கொண்டுபோவது இங்கே பெரும் ஆபத்து. குடல் துளைபட்டாலோ ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ தவிர, வாய்வழி உணவை நிறுத்தி, ஆன்டிபயாடிக் கொடுத்து, கவுண்ட் ஏறும்வரை காப்பதே வழக்கம். பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தன்னிச்சையாகப் போடக்கூடாது.

இத்தனை அடையாளங்களும் மறைந்துபோன பிறகு மிஞ்சுவது காய்ச்சல் ஒன்றுதான்.

தெர்மாமீட்டர்

எல்லை எளிது. வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரே ஒரு தடவை 101 டிகிரி ஃபாரன்ஹீட், அல்லது 100.4க்கு மேல் ஒரு மணி நேரம் நீடித்தால் காய்ச்சல். பல மருத்துவமனைகள் வீட்டில் இருப்பவர்களுக்கு அதையும் எளிதாக்கி, 100.4 தொட்டாலே கூப்பிடுங்கள் என்கின்றன. அது நல்ல பழக்கம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கிக் கருவியை இதற்கு நம்ப வேண்டாம். வாய்ப்புண்ணால் நாக்கின் அடியில் வைக்க முடியாவிட்டால் அக்குளில் வைக்கலாம். அது வாயைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்து, 99.5ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டும். வெந்நீரோ காபியோ குடித்து அரைமணி கழித்துப் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு, உடம்பு சுடுகிறதே என்று முதலில் பாராசிட்டமால் போட்டுவிட்டுப் பிறகு தெர்மாமீட்டரைத் தேடுவது. மாத்திரை காய்ச்சலை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. நான்கு மணி நேரம் 'இறங்கிடுச்சே' என்ற நிம்மதியில் போய்விடும். முதலில் அளவு, பிறகு தொலைபேசி, மாத்திரை அதன் பிறகு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகைகள் வேண்டவே வேண்டாம். தட்டணுக்களும் குறைந்திருக்கும் நேரம் இது. அதே காரணத்துக்காகத் தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது.

காய்ச்சலே வராத தொற்றும் உண்டு. லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் பிரெட்னிசலோனோ டெக்சாமெத்தசோனோ வாரக்கணக்கில் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்வரை உடம்பு சூடாகாமலே ரத்தத்தில் கிருமி பெருகலாம். அப்போது பார்க்க வேண்டியவை: குளிர் நடுக்கம், 96.8க்குக் கீழே இறங்கிய வெப்பம், நிமிடத்துக்கு 22க்கு மேல் மூச்சு, சிறுநீர் குறைவது, பேச்சில் தடுமாற்றம், எழுந்து நின்றால் தலைசுற்றல், காரணமில்லாத வயிற்றுவலி. 'காய்ச்சல் இல்லை, ஆனால் ஆள் சரியில்லை' என்று உடனிருப்பவர் சொன்னால் அதைக் காய்ச்சலுக்குச் சமமாக எடுத்துக்கொள்வதே சரி.

முதல் ஒரு மணி நேரம்

மருத்துவமனை வாசலை மிதித்ததிலிருந்து முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறும்வரை 60 நிமிடம். இதுதான் இலக்கு. மருந்து இல்லாததால் இது தவறுவது அரிது. அட்மிஷன் சீட்டு, பில் கவுண்ட்டர், காலியில்லாத படுக்கை, 'ரிப்போர்ட் வரட்டும்' என்ற காத்திருப்பு ஆகியவற்றில்தான் நேரம் கரைகிறது. கடந்த வாரம் கீமோ முடித்தவருக்குக் காய்ச்சல் என்றால் கவுண்ட் குறைவு என்றே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும், ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. முடிவு பிறகு வரட்டும். கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே: 'லுகேமியா, கீமோ முடிந்து இத்தனை நாள், காய்ச்சல் இவ்வளவு, இத்தனை மணிக்கு.' வெறும் 'காய்ச்சல்' என்றால் டெங்கு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆன்டிபயாடிக்குக்கு முன் ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. குறைந்தது இரண்டு செட்: லைன் இருந்தால் அதன் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒன்று, கை நரம்பிலிருந்து ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர். இந்த அளவுதான் பலவீனமான கண்ணி. ரத்தசோகை உள்ளவர் என்ற இரக்கத்தில் 3 மில்லியோடு நிறுத்துகிறார்கள். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு கிருமிகளே மிதக்கும் நேரத்தில், எடுக்கும் அளவு குறைந்தால் கல்ச்சர் 'வளர்ச்சி இல்லை' என்று பொய் சொல்லும். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப அளவு மாறும். தோலை ஆல்கஹாலில் கலந்த 2 சதவீதக் குளோர்ஹெக்சிடினால் துடைத்து 30 வினாடி காயவிட வேண்டும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றினாலே அது சுத்தம் என்று நினைப்பது பரவலான தவறு. இரவில் லேப் பூட்டியிருந்தால் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். எதிலிருந்து எடுத்தது, எத்தனை மணிக்கு என்று பாட்டிலில் எழுத வேண்டும். லைன் பாட்டில் கை நரம்புப் பாட்டிலைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொண்டு பாசிட்டிவ் ஆனால் தொற்று லைனில் இருக்கிறது என்று கொள்ள அந்த விவரம்தான் ஆதாரம்.

நரம்பு கிடைக்கவில்லை என்று கல்ச்சருக்காக ஒரு மணி நேரம் போராடிக்கொண்டிருக்கவும் கூடாது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு மருந்தை ஏற்ற வேண்டும்.

எந்த மருந்து

காய்ச்சல் வந்தவுடன், கிருமியின் பெயர் தெரியும் முன்பே மருந்து கொடுப்பது இன்று இயல்பாகத் தெரிகிறது. 1971இல் ஸ்டீபன் ஷிம்ஃப் குழு கார்பெனிசிலினையும் ஜென்டமைசினையும் அப்படிக் கொடுத்து முடிவை வெளியிட்டபோது அது துணிச்சலான செயல். அதுவரை கல்ச்சருக்குக் காத்திருந்தார்கள். சூடோமோனாஸ் அதற்குள் வேலையை முடித்துவிடும். 1986இல் ஃபிலிப் பிஸ்ஸோ குழு, செஃப்டாசிடிம் என்ற ஒரே மருந்து கூட்டு மருந்துக்கு ஈடாகத் தொடக்கத்தில் போதும் என்று காட்டியது. இன்றைய சர்வதேச வழிகாட்டிகள் அந்தத் தடத்திலேயே நிற்கின்றன: செஃபெபிம் 2 கிராம் 8 மணிக்கொரு முறை, அல்லது பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் 6 மணிக்கொரு முறை, அல்லது மெரோபெனம் 1 கிராம் 8 மணிக்கொரு முறை. மூன்றுக்கும் பொதுவான தகுதி சூடோமோனாஸைத் தாக்குவது. ஊர்ப்புற நர்சிங் ஹோமில் வழக்கமாகப் போடும் செஃப்ட்ரையாக்சோனுக்கு அந்தத் தகுதி இல்லை. பெரிய மருத்துவமனைக்குப் பல மணி நேரப் பயணம் என்றால், உங்கள் யூனிட் மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் மருந்தை உள்ளூரிலேயே முதல் டோஸாகப் போட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. கல்ச்சர் பாட்டில் அங்கே இருந்தால் அதற்கு முன் ரத்தம் எடுத்துக் கையோடு கொண்டுபோகலாம்.

இனி சங்கடமான பகுதி. மேற்கத்திய நாடுகளில் லைன்கள் பெருகியதும் தடுப்பு மருந்துகளும் சேர்ந்து ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் கிருமிகளை முன்னுக்குக் கொண்டுவந்தன. இந்தியப் புற்றுநோய் வார்டுகளில் இன்னும் கிராம்-நெகட்டிவ்களே ஆதிக்கம். அவற்றில் பல செஃபெபிம், செஃப்டாசிடிம் அடங்கிய செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் நொதியோடும், கணிசமானவை மெரோபெனத்தையே உடைக்கும் நொதியோடும் வருகின்றன. என்.டி.எம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற அந்த நொதி பற்றி 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமிகள் இருந்தன. பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. கிருமிக்கு அதில் அக்கறை இல்லை. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட சென்னைப் பிரகடனம் ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நடைமுறைத் திட்டத்தை முன்வைத்தது.

இதன் பொருள், பாடப்புத்தகத்தின் முதல் மருந்து எல்லா வார்டிலும் முதல் மருந்தாக இருக்க முடியாது. ஒவ்வொரு யூனிட்டும் தன் கல்ச்சர் முடிவுகளைத் தொகுத்து, தன் வார்டின் ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் எதற்குப் பணிகின்றன என்ற அட்டவணையை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். நிலையாக இருக்கும் நோயாளிக்கு பிப்பராசிலின்-டாசோபாக்டம் அல்லது செஃபோபெராசோன்-சல்பாக்டம், பல யூனிட்களில் கூடவே அமிக்காசின். ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு முதல் டோஸிலேயே மெரோபெனம். முன்பே எதிர்ப்புக் கிருமி குடலில் இருப்பதாகத் தெரிந்தவருக்கு அதற்கும் மேலே. இப்படிப் படிப்படியாக ஏறுவதும், ஆபத்தானவருக்கு மேலிருந்து தொடங்கி இறங்குவதும் ஆளைப் பார்த்து எடுக்கும் முடிவு. எல்லோருக்கும் மெரோபெனம் என்ற பழக்கம் அன்றைய நோயாளிக்கு நிம்மதி தரலாம்; அதே வார்டுக்கு அடுத்த வருடம் வருபவர் அதற்கு விலை கொடுப்பார்.

2005இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு லெவோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் தினமும் தடுப்பாகக் கொடுப்பது பல நாடுகளில் வழக்கமானது. நம் ஊர் ஈ.கோலைக்கு அந்த மருந்து பெரும்பாலும் பழகிப்போன ஒன்று. அது காசநோயையும் பாதி அடக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும். தடுப்புக்கு இதை இங்கே தயங்கித்தான் எழுத வேண்டும்.

என்.டி.எம். கிருமி உறுதியானால் ஒரு சாமர்த்தியமான வழி இருக்கிறது. அஸ்ட்ரியோனம் என்ற மருந்தை என்.டி.எம். நொதியால் உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமி வைத்திருக்கும் மற்ற நொதிகள் உடைத்துவிடும். செஃப்டாசிடிம்-அவிபாக்டமில் உள்ள அவிபாக்டம் அந்த மற்ற நொதிகளை முடக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் அஸ்ட்ரியோனம் உயிர்பிழைத்துக் கிருமியைக் கொல்கிறது. ஒன்று காலை 6 மணிக்கு, மற்றது 9 மணிக்கு என்று அட்டவணை போட்டால் இந்த ஏற்பாடே வீண். இரண்டு பம்ப்பும் சேர்ந்து ஓட வேண்டும். விலை கனமானது. அது கட்டுப்படியாகாத இடங்களில் கொலிஸ்டின், 90 லட்சம் யூனிட் முதல் டோஸோடு. அந்த ஏற்றும் டோஸை விட்டுவிட்டால் ரத்தத்தில் போதிய அளவு சேரவே இரண்டு நாள் ஆகும். சிறுநீரகம் அடிபடும் என்பதால் கிரியாட்டினினை அடிக்கடி பார்க்க வேண்டும். கோழிப்பண்ணைத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை இந்தியா 2019இல்தான் தடை செய்தது.

வான்கோமைசினைக் காய்ச்சல் என்றதும் தானாகச் சேர்க்க வேண்டியதில்லை. லைன் தொற்று, தோல் தொற்று, நிமோனியா, ரத்த அழுத்தம் சரிந்த ஷாக் நிலை, கடுமையான வாய்ப்புண் ஆகியவை இருந்தால் சேர்க்கலாம். கல்ச்சரில் எதுவும் வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் நிறுத்திவிட வேண்டும். பிப்பராசிலினோடு சேர்ந்து அது கிரியாட்டினினை ஏற்றும்.

மருந்து சரி, ஏற்றிய விதம் தவறு என்பதும் நடக்கிறது. பிப்பராசிலின், மெரோபெனம் வகைகள் ரத்தத்தில் எவ்வளவு நேரம் போதுமான அளவில் நிற்கின்றன என்பதே முக்கியம். ஆகவே முதல் டோஸை அரை மணியில் ஏற்றிவிட்டு, அடுத்தவற்றை மெரோபெனம் என்றால் 3 மணி நேரம், பிப்பராசிலின் என்றால் 4 மணி நேரம் ஓட விடுகிறார்கள். அந்த 4 மணி நேரத்தில் அதே குழாயில் பிளேட்லெட்டும் பொட்டாசியமும் போக வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் பயனில்லை. லைனின் எந்தக் குழாய் எதற்கு என்று முதலிலேயே பிரித்து வைக்க வேண்டும். அமிக்காசின் இதற்கு நேர் எதிர். அதற்கு உச்ச அளவு முக்கியம். கிலோவுக்கு 15 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 900, நாளுக்கு ஒரே முறை. இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் போடுவது பழைய பழக்கம். பென்சிலின் வகை மருந்தோடு அதை ஒரே பாட்டிலில் கலக்கவும் கூடாது.

ரத்த அழுத்தம் சரியும்போது

கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் கணக்கில் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ முதல் மூன்று மணி நேரத்துக்குள். அதற்கும் சராசரி அழுத்தம் 65 வராவிட்டால் நார் அட்ரினலின். லாக்டேட் பார்த்து, மணிக்கொரு முறை சிறுநீர் அளந்து, ஐ.சி.யு.வுக்கு மாற்ற வேண்டும். பெரிய நரம்பில் போடும் சென்ட்ரல் லைனுக்காகக் காத்திராமல் நல்ல கை நரம்பிலேயே நார் அட்ரினலினைத் தொடங்கலாம். லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் நான்கு வாரம் ஸ்டீராய்டு எடுத்து அண்மையில் நிறுத்தியவருக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு மருந்து கொடுத்தும் அழுத்தம் ஏறாது. ஹைட்ரோகார்ட்டிசோன் 50 மில்லிகிராம் 6 மணிக்கொரு முறை கொடுத்தால் சில மணி நேரத்தில் காட்சி மாறும். இதை மறந்துபோவது புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் விலை அதிகம்.

கேன்சர்காரருக்கு ஐ.சி.யு. எதற்கு என்ற கேள்வி இன்னும் சில இடங்களில் கேட்கிறது. முதல் சுற்றில் இருக்கும் லுகேமியா நோயாளி குணமாகக்கூடியவர். அவருடைய கவுண்ட் பத்து நாளில் ஏறிவிடலாம். அந்தப் பத்து நாளைக் கடத்திவிடுவதுதான் ஐ.சி.யு.வின் வேலை.

மூன்றாம் நாள், ஐந்தாம் நாள்

மருந்து தொடங்கி இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் உறவினர்கள் பதறுவார்கள். ரத்தப் புற்றுநோயில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் அடங்கச் சராசரியாக ஐந்து நாள் ஆகிறது. ஆள் நிலையாக இருந்தால் காய்ச்சலுக்காக மட்டும் மருந்தை மாற்றத் தேவையில்லை. தினமும் உடம்பு முழுக்கப் பார்ப்பது, கல்ச்சரைத் திரும்ப எடுப்பது, லைனைச் சந்தேகிப்பது ஆகியவற்றைச் செய்ய வேண்டும். கிராம்-நெகட்டிவ் கிருமி இருந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பாட்டில் பாசிட்டிவ் ஆகிவிடும். லேப் தொலைபேசியில் சொல்லும் அந்த முதல் செய்தியை ராத்திரி டியூட்டி டாக்டர் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகாமல் உடனே மருந்தை மாற்ற வேண்டும். நான்கைந்து நாளுக்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தால் பூஞ்சையை நினைத்து நுரையீரல் சி.டி.யும், பூஞ்சையைக் காட்டும் கேலக்டோமன்னன் பரிசோதனையும். காசநோயும் நினைவில் இருக்கட்டும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், கேண்டிடா மூன்றில் ஒன்று வந்தால் லைனை எடுத்துவிட வேண்டும். புதிய லைன் போடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்து ஒரு வாரம் தள்ளிப்போடுவது பலமுறை திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலில் முடிகிறது.

நிறுத்துவது எப்போது? முன்பெல்லாம் கவுண்ட் 500 தொடும்வரை ஆன்டிபயாடிக் ஓடும். 2017இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கிருமி எதுவும் கிடைக்காமல் 72 மணி நேரம் காய்ச்சலின்றி நன்றாக இருப்பவர்களுக்குக் கவுண்ட் ஏறும் முன்பே நிறுத்தலாம் என்று காட்டியது. ஐரோப்பிய வழிகாட்டியும் முன்பே அந்தத் திசையில்தான் பேசியிருந்தது. நிறுத்திய பிறகு மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிக்க முடிந்தால் இது பாதுகாப்பானது; தேவையற்ற மெரோபெனம் நாட்களை மிச்சப்படுத்தும் மிக எளிய வழியும் இதுவே.

கவுண்ட் ஏறத் தொடங்கும் நாளில் இன்னொரு எச்சரிக்கை. நுரையீரலில் ஏற்கெனவே தொற்று இருந்தால், புதிதாக வந்த நியூட்ரோஃபில்கள் அங்கே குவிந்து மூச்சுத்திணறல் திடீரென்று கூடலாம். எண்ணிக்கை நன்றாக இருக்கும் அதே காலையில் ஆக்ஸிஜன் குறைவது இதனால்தான்.

சாப்பாடு, தயிர், வாய்

நியூட்ரோபீனியா (நியூட்ரோஃபில் குறைந்த நிலை) உணவு என்று பச்சைக் காய், பழம் அனைத்தையும் தடை செய்வதால் தொற்று குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இங்கே கவலை தண்ணீரும் கை சுத்தமும்தான். கொதித்த தண்ணீர், சூடாகச் சமைத்த சாப்பாடு, உரித்துச் சாப்பிடும் வாழை, ஆரஞ்சு. வெளியில் வாங்கும் சட்னி, கரும்புச் சாறு, ஐஸ் போட்டது, இரவு ஊறிய பழைய சோறு வேண்டாம். தயிர் பற்றி யூனிட்டுக்கு யூனிட் கருத்து மாறும். ப்ரோபயாட்டிக் பொடி, காப்ஸ்யூல் ஆகியவற்றைக் கவுண்ட் குறைந்த நாட்களில் தவிர்ப்பது நல்லது. அந்த 'நல்ல' பாக்டீரியாவே ரத்தத்தில் வளர்ந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

வாய்க்கு, ஒரு லிட்டர் ஆறிய கொதிநீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். மிக மென்மையான பிரஷ். வேப்பங்குச்சி வேண்டாம். தினமும் குளியல், முடியாவிட்டால் துடைத்தெடுப்பு, மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவி ஒற்றி எடுப்பது. பார்க்க வருபவர் மாஸ்க் போட்டிருக்கிறாரா என்று பார்க்கும் கண், அவர் கையில் ஆல்கஹால் தேய்த்தாரா என்றும் பார்க்கட்டும்.

அடுத்த சுற்றுக்கு முன்

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'காய்ச்சல், ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்திருந்தால் போதாது. கிருமியின் பெயர், எந்த நாளில் எந்த இடத்திலிருந்து வளர்ந்தது, எந்தெந்த மருந்துக்குப் பணிந்தது, எதற்குப் பணியவில்லை என்ற முழு கல்ச்சர் தாளையும் கேட்டு வாங்க வேண்டும். கவுண்ட் இறங்கும் முன் எடுத்த மல மாதிரியிலோ ஸ்வாபிலோ கார்பபெனம் (மெரோபெனம் வகை மருந்து) எதிர்ப்புக் கிருமி இருந்ததா என்பதும் அதில் வேண்டும். ஒருமுறை குடலில் குடியேறிய அந்தக் கிருமி மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அடுத்த கீமோவில் சவ்வு கிழியும்போது முதலில் இறங்குவது அதுவாகவே இருக்கலாம். போன மாதம் மெரோபெனத்துக்குப் பணியாத கிளெப்சியெல்லா வந்தவருக்கு, இந்த மாதக் காய்ச்சலில் மெரோபெனத்தைத் தொடங்கிவிட்டு மூன்று நாள் கல்ச்சருக்குக் காத்திருப்பது மருந்தே கொடுக்காததற்குச் சமம். அந்தத் தாளைப் படமெடுத்து உடனிருப்பவர்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் அது முதல் பக்கமாக இருக்கட்டும். நள்ளிரவில் கேஷுவாலிட்டியில் இருக்கும், உங்களை முன்பின் பார்த்திராத மருத்துவர் மருந்தின் பெயரை எழுதுவதற்கு முன் அவர் கையில் அதைக் கொடுங்கள்.